பிள்ளையாருக்கு விழுந்த சீட்டு

1

பள்ளிக்கூடக் கூரைக்கு நாங்கள் அனுப்புவதாகச் சொன்ன காசு ஏன் ஒரு மாதம் பிந்தி வந்தது என்று ஊரிலிருந்து கேட்டிருந்தீர்கள். இப்போது ஓடு இறக்கி வேலை தொடங்கிவிட்டார்களாம், சந்தோசம். ஆனால் அந்தக் காசு வந்த வழியைச் சொன்னால் நீங்கள் புதுக் கூரையில் ஏறியிருந்து சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் மட்டும் அந்த ஒரு மாதமும் சிரிக்க முடியாமல், சரியாகச் சாப்பிடவும் முடியாமல், மஞ்சள் பஸ்ஸின் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்தபடி இருந்தேன். வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

தெரியாதவர்களுக்காக: நான் ஸ்காபரோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். செயலாளர் என்றால் கதிரை அடுக்குவது, மைக் பிடிப்பது, சண்டை வந்தால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவது. இந்த வருடம் கூடுதலாக ஒரு வேலை தந்தார்கள். ஆண்டு ஒன்றுகூடலில் சீட்டிழுப்பு. முதலாம் பரிசு ஒரு பவுண் தங்கக் காசு. நகைக்கடைக்காரர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. இரண்டாம் பரிசு இல்லை. ஒரு சீட்டு ஐந்து டொலர். பிறம்ரனில் ஒரு அச்சகத்தில் அறுநூறு சீட்டு அடித்து, பத்துப் பத்தாகப் புத்தகம் கட்டி, எல்லோருடைய கையிலும் திணித்தேன். கல்யாண வீடு, செத்த வீடு என்று வித்தியாசம் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பிக்கரிங்கிலிருந்து அன்ரனி அண்ணை அழைத்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பதினைந்து வகுப்பு மேலே படித்தவர். இங்கே தேவாலயத்துக்காகப் பல வருடங்கள் பிங்கோ விளையாட்டு நடத்திய அனுபவம் உள்ளவர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு எதையும் வாசிக்காமல் விடமாட்டார். பாற்பெட்டியில் இருக்கும் எழுத்தைக்கூட.

“தம்பி குணம், நீ தந்த ரிக்கற் பத்தையும் முன்னாலை வைச்சுக்கொண்டிருக்கிறன். லைசென்ஸ் நம்பர் எங்கை கிடக்கு?”

“என்ர டிறைவிங் லைசென்ஸோ அண்ணை?”

“டேய், விளையாடாதை. ரிக்கற்றிலை லைசென்ஸ் நம்பர் அடிச்சிருக்க வேணும்.”

“பின்பக்கம் பாருங்கோ.”

“பின்பக்கம் நகைக்கடை விளம்பரம்தான் கிடக்கு. நீங்கள் லைசென்ஸ் எடுக்கேல்லையோ?”

“சீட்டிழுப்புக்கு லைசென்ஸ் எடுக்க வேணுமெண்டு ஆர் சொன்னது?”

“கனடா சொன்னது” என்றார் அன்ரனி அண்ணை. “எத்தினை வித்திட்டியள்?”

நானூறுக்கு மேலே என்றேன். ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது.

2

மகள் தரணி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். இங்கேயே பிறந்தவள். பாதி வசனம் தமிழில் தொடங்கும், மீதி எங்கே போய் முடியும் என்று அவளுக்கே தெரியாது. தமிழ்ப் பேப்பரைத் தந்தால் படம் பார்ப்பாள். ஆனால் அரசாங்கம் எழுதிய எந்த ஆங்கிலத்தையும் அவளால் வாசிக்க முடியும். அதனால் எங்கள் வீட்டில் நாட்டுக்குப் பொறுப்பு அவள். சோற்றுக்குப் பொறுப்பு அவளுடைய அம்மா வசந்தி. நான் இரண்டு பேருக்கும் கார் ஓட்டுபவன்.

தரணி கைப்பேசியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, இது கிரிமினல் கோட்டிலை இருக்கு.”

“எது?”

“நீங்கள் செய்தது. லொத்தறி நடத்திறது இல்லீகல். கவர்மென்ற் நடத்தலாம். இல்லாட்டி தர்ம அமைப்பு, சரிற்றி, லைசென்ஸ் எடுத்து நடத்தலாம். மற்ற எல்லாரும்... ம்ம்.”

“என்ன ம்ம்?”

“இரண்டு வருசம் வரைக்கும்.”

“லைசென்ஸ் இரண்டு வருசத்துக்கோ?”

“இல்லை அப்பா. ஜெயில்.”

வசந்தி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது.

யாரும் என்னை மறியலில் போடப் போவதில்லை என்று தரணி பலமுறை சொன்னாள். சங்கம், பள்ளிக்கூடம், ஐந்து டொலர் என்றால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்றாள். எனக்கு ‘பெரும்பாலும்’ என்ற சொல்தான் காதில் நின்றது. பஸ் ஓட்டுகிறவன் வருடத்துக்கொரு முறை பொலிஸ் பதிவுக் கடிதம் கொண்டுபோய்க் கம்பனியில் கொடுக்க வேண்டும். பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். ஏதாவது இருந்தால் பிள்ளைகளை ஏற்ற முடியாது, பஸ் திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த வருடக் கடிதத்துக்கு விண்ணப்பம் போட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அதாவது பொலிஸ் என்னுடைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், நான் என்னுடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு அறுநூறு சாட்சிப் பத்திரம் அச்சடித்து ஊர் முழுக்க விநியோகித்திருக்கிறேன். ‘தொடர்புகளுக்கு: செயலாளர்.’ கொட்டை எழுத்தில்.

களவெடுக்கிறவன்கூட விலாசம் எழுதி வைத்துவிட்டுப் போகமாட்டான்.

3

மனிதன் பயந்தால் படிப்பான். பரீட்சைக்குப் படிக்காத அளவு நான் அந்தக் கிழமை லொத்தர் பற்றிப் படித்தேன். குடும்ப வாட்ஸப் குழுவில் “சும்மா ஒரு பொது அறிவுக்கு” என்று தொடங்கி உலகம் முழுக்க இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டேன். எல்லோரும் பொது அறிவோடு பதில் சொன்னார்கள். என்னுடைய அறிவு அதோடு குழம்பியது.

ஊரில் உங்களுக்குத் தெரியும்: பஸ் நிலையத்தில் சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து விற்பார்கள். அரசாங்கத்தின் சீட்டு. நாளைக்கு நீங்கள் கோடீஸ்வரன் என்று காலை ஏழு மணிக்கே காதுக்குள் கத்துவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் இருக்கும் என் சகலன் சொன்னான், தமிழ்நாட்டில் லொத்தர் சீட்டு விற்றால் பிடித்து உள்ளே போடுவார்களாம். ஆனால் பக்கத்துக் கேரளத்தில் அரசாங்கமே சீட்டு அடித்து விற்கிறது. எல்லையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தால், இந்தப் பக்க வாங்குப் பலகையில் இருந்து சீட்டு வாங்கினால் குற்றம், அந்தப் பக்க வாங்கில் இருந்து வாங்கினால் நாட்டுக்குச் சேவை.

லண்டன் மச்சாள் சொன்னாள், அங்கே அரசாங்கம் தானே நடத்தாதாம். ஒரு கம்பனிக்கு அனுமதி கொடுத்துவிட்டு, அந்தக் கம்பனியைக் கவனிக்க ஒரு ஆணைக்குழுவை வைத்திருக்கிறதாம். ஸ்பெயினில் டிசம்பரில் நத்தார் காலத்துப் பெரிய சீட்டிழுப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இலக்கங்களைப் பாட்டாகப் பாடுவார்களாம். அமெரிக்காவில் பரிசு விழுந்தால் வரி வெட்டுவார்கள். கனடாவில் வரி இல்லை. அமெரிக்காவின் சில மாநிலங்களில் விழுந்தவர் தன் பெயரை மறைக்கலாம். ஒன்ராறியோவில் பெயரை வெளியில் சொல்லியே ஆக வேண்டும். கதவளவு காசோலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கும் படங்களை இங்கே கடைகளில் ஒட்டியிருப்பார்கள். வரிக்குப் பதிலாகச் சொந்தக்காரரைத் தண்டனையாகத் தருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் படித்ததில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். உலகத்தில் உள்ள அரசாங்கங்கள் எல்லாம் ‘சூது கூடாது’ என்கின்றன. உடனேயே ‘வேணுமென்றால் எங்களிடம் வாங்கு’ என்றும் சொல்கின்றன. நானும் ஒவ்வொரு வெள்ளியும் கீழே கடையில் ஒரு சீட்டு வாங்குகிறவன்தான். அங்கே எவ்வளவு கவனம்! பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். சீட்டின் பின்னால் நீங்கள் கையெழுத்து வைத்தால்தான் கடைக்காரர் அதைக் கையில் வாங்குவார், இல்லாவிட்டால் அவர் மாற்றிவிட்டார் என்று நாளைக்கு நீங்கள் சொல்வீர்கள். விழுந்தால் மெசினே பாட்டுப் பாடும், கடைக்காரர் மறைக்க ஏலாது. கடைக்காரரோ அவருடைய வீட்டு ஆட்களோ பெரிய பரிசு வென்றால் தனியாகத் தோண்டித் துருவி விசாரிப்பார்கள்.

இத்தனை வருடமும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்தக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் உடன்பட்டுக் கையெழுத்து வைத்த அதே கையால்தான், நகைக்கடை விளம்பரத்தோடு அறுநூறு சீட்டு அடித்தேன். ஒரு நிமிசம்கூட இரண்டையும் ஒன்றாக நினைக்கவில்லை. அது லொத்தர், இது சீட்டிழுப்பு. அது சூது, இது கூரை.

4

திங்கட்கிழமை காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில் நகரசபைக் கவுன்ரருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்மணி. மிகவும் மரியாதை. மரியாதையாகப் பேசும் அதிகாரிகளைக் கண்டால் எனக்கு இன்னும் கூடப் பயம். அதட்டுகிற அதிகாரியோடு எப்படிப் பேசுவது என்று நாங்கள் ஊரிலேயே பழகிவிட்டோம்.

“எனக்கொரு சிநேகிதன் இருக்கிறான்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். “அவன் ஒரு சங்கத்தில் சீட்டிழுப்பு நடத்த யோசிக்கிறான்.”

அவர் விளக்கினார். அமைப்பு தகுதியுள்ளதா என்று முதலில் பார்ப்பார்கள். மாதிரிச் சீட்டைக் காட்ட வேண்டும். அதில் அனுமதி இலக்கம் அச்சிட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு விற்க முடியாது. முடிந்ததும் அறிக்கை கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு கேட்டார்: “சேரும் பணம் எதற்கு?”

“ஒரு பள்ளிக்கூடக் கூரைக்கு.”

“எந்தப் பள்ளிக்கூடம்? ரொறன்ரோவிலா?”

“கொஞ்சம் கிழக்கே” என்றேன்.

“பிக்கரிங்கா?”

“அதையும் தாண்டி.”

இலங்கை என்று சொன்னதும் அவர் பேனையை வைத்தார். அனுமதியோடு நடத்தும் சீட்டிழுப்பில் சேரும் பணம் ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்றார். அதாவது சிநேகிதன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தாலும் அந்தக் கூரை ஒன்ராறியோவுக்குள் இருந்திருக்க வேண்டும்.

“உங்கள் சிநேகிதர் இன்னும் சீட்டு ஒன்றும் விற்கவில்லைத்தானே?”

எனக்கு இருமல் வந்தது. உண்மையான இருமல்தான், பயத்தில் வந்தது. அவர் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கை காட்டினார். நான் குடித்துவிட்டு வந்ததும், முந்திய கேள்வியைத் திரும்பக் கேட்காமல், மெதுவாகச் சொன்னார்: “விற்றிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு பதிவு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிநேகிதர் கவலைப்படுகிறார் என்று தெரிகிறது. அது நல்லது.”

வெளியே வந்து பஸ்ஸில் ஏறியபோதுதான் சங்கத்தின் பெயர் போட்ட ஜக்கெற்றை நான் அணிந்திருப்பது தெரிந்தது.

5

எங்கள் சங்கத் தலைவர் வீடு வாங்கி விற்கும் தொழில் செய்பவர். ஸ்காபரோவில் பாதி பஸ் தரிப்பிட வாங்குகளில் விளம்பரமாக அவருடைய முகம் இருக்கிறது. நாங்கள் அவர் மேல்தான் இருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். அவரிடம் விசயத்தைச் சொன்னேன்.

“மச்சான், உனக்கு எல்லாத்துக்கும் பதற்றம். எல்லாச் சங்கமும் செய்யுது.”

“எல்லாச் சங்கத்தின்ர செக்ரட்டறியும் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டேல்லை.”

“அப்ப உப்பிடிச் செய்வம். சீட்டு எண்டு சொல்லாமல் அன்பளிப்புப் பத்திரம் எண்டு சொல்லுவம்.”

தரணி அருகில் இருந்தாள். “அங்கிள், பேரை மாத்தினால் பிறகு அது பிறோட்” என்றாள். தலைவர் என்னைப் பார்த்தார். அது மோசடி என்று நான் மொழிபெயர்த்தேன். அவருக்கு ஏற்கனவே விளங்கியிருந்தது.

வழியைச் சொன்னதும் அவள்தான். கடைகள் போட்டி வைத்துக் கார், பயணம் எல்லாம் கொடுக்கிறார்களே, அது எப்படி? அதில் சேரக் காசு கேட்க மாட்டார்கள். யாரும் ஒன்றும் வாங்காமல் சேரலாம். விழுந்தவர் ஒரு கணக்குக் கேள்விக்குச் சரியான விடை சொன்னால்தான் பரிசு. அப்போது அது முழு அதிர்ஷ்டம் இல்லையாம், கொஞ்சம் திறமையும் உண்டாம். சோளப்பொரிப் பெட்டிக்குள் வரும் போட்டியில்கூட இந்தக் கணக்குக் கேள்வி இருக்கிறது. எத்தனையோ வருடம் அதை வாசித்து, கனடாக்காரருக்குக் கணக்கு வராது, அதனால்தான் பழக்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

தலைவர் துள்ளினார். “கணக்கோ? எங்கட ஆக்களுக்குக் கணக்கோ? அப்ப வித்த ரிக்கற்றுக்கும் ஒரு கணக்கைக் கேட்டிட்டு விடுவம்!”

“இல்லை அங்கிள். காசு வாங்கினால் கணக்குக் கேட்டும் சரிவராது.”

ஆகவே தீர்மானம்: விற்ற சீட்டுக்கெல்லாம் காசைத் திருப்பிக் கொடுப்பது. ஒன்றுகூடல் அன்று மண்டப வாசலில், சாப்பாட்டுக்குக் காசு கட்டாதவர்களுக்கும் சேர்த்து, பெயர் எழுதிப் பெட்டியில் போட இலவசமாகத் துண்டு கொடுப்பது. விழுந்தவருக்கு ஒரு கணக்கு. கடையில் கடைக்காரரை விசாரிப்பதைப் படித்த பயத்தில் நானே ஒரு விதியும் சேர்த்தேன்: நிர்வாகக் குழுவும் அவர்களுடைய வீட்டு ஆட்களும் துண்டு போடக் கூடாது. இதை வீட்டில் அறிவித்தபோது வசந்தி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் கவனமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

6

காசைத் திருப்பிக் கொடுப்பது இலேசு என்று நினைத்தேன். சீட்டுக் கிழித்த அடிக்கட்டையில் பெயரும் இலக்கமும் இருக்கும், அழைத்துக் கொடுத்தால் முடிந்தது.

அடிக்கட்டைகளை விரித்ததும் தலை சுற்றியது. எங்கள் ஆட்கள் சீட்டு வாங்கினால் தங்கள் பெயரை எழுத மாட்டார்கள். “எனக்கு ராசியில்லை, கடைக்குட்டியின்ர பேரை எழுது.” மூன்று மாதக் குழந்தைகள் எல்லாம் என்னிடம் சீட்டு வாங்கியிருந்தன. மீதிப் பாதி தெய்வங்கள். முருகனுக்கு முப்பத்தொரு சீட்டு. அம்மனுக்கு அதிலும் கூட. அன்ரனி அண்ணையின் பத்தும் மடு மாதாவின் பெயரில். என்னுடைய கையெழுத்திலேயே ‘முருகன், ஸ்காபரோ’ என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை கூசவே இல்லை. சிறுபிள்ளைகளுக்கும் கடவுள்களுக்கும் அனுமதியில்லாமல் சூது விற்ற ஒரே பஸ் சாரதி நானாகத்தான் இருக்கும்.

அழைக்கத் தொடங்கினேன்.

“ஹலோ, முருகனோ?”

“ராங் நம்பர்.”

வைத்துவிட்டார். அரை நிமிசத்தில் அதே இலக்கத்திலிருந்து அழைப்பு.

“ஹலோ! ஓம் ஓம், நான்தான் முருகன்! விழுந்திட்டுதோ?”

“இல்லை அண்ணை, காசைத் திருப்பித் தரவேணும்.”

“என்னடாப்பா, முருகனெண்டு நம்பி வந்தன்.”

வீடு வீடாகப் போனேன். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்திலேயே இருபத்திரண்டு கதவு. இதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்: ஐந்து டொலர்ச் சீட்டு விற்கப் போனபோது, “இரண்டு எடுத்தால் ஒண்டு சும்மா தருவியோ” என்று பேரம் பேசியவர்கள், காசைத் திருப்பி நீட்டினால் கையை எடுக்கிறார்கள். “வைச்சிரு தம்பி, கூரைக்குத்தானே.” சிலர் இன்னொரு இருபதைச் சேர்த்துத் தந்தார்கள். சீட்டும் இல்லை, பவுணும் இல்லை, சும்மா. அன்பளிப்பு என்று ஒவ்வொருவரிடமும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். திருப்பி வாங்கியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அதில் ஒருவர், தன்னுடைய ஐந்து டொலர் என்னிடம் இருந்த மூன்று கிழமைக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார் என்று நம்புகிறேன்.

சீட்டு இல்லாமலே கொடுக்கக்கூடிய சனத்துக்கு நான் ஏன் சீட்டு அடித்தேன்? தெரியவில்லை. சும்மா கேட்க எனக்கு வெட்கமா, சும்மா கொடுக்க அவர்களுக்கு வெட்கமா, அதுவும் தெரியவில்லை.

பொலிஸ் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்பெட்டித் திறப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் பின்னேரம் ஒரு பொலிஸ் கார் என்னுடைய பஸ்ஸுக்குப் பின்னால் மூன்று சந்தி வரை வந்தது. அது பிறகு டோனற் கோப்பிக் கடைக்குத் திரும்பியது.

7

ஒன்றுகூடல் ஒரு ஞாயிறு மதியம். மண்டபம் நிறைந்துவிட்டது. இலவசம் என்றதும் துண்டு போட வந்தவர்கள் சாப்பிட வந்தவர்களிலும் கூட. அன்ரனி அண்ணையை மேடையில் பார்வையாளராக நிறுத்தினேன். பிங்கோக் காலத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, பெட்டியைக் கவிழ்த்து, குலுக்கி, உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்து, “சரி, இழு” என்றார்.

நான் ஒரு துண்டை இழுத்தேன். விரித்தேன்.

‘பிள்ளையார்’ என்று எழுதியிருந்தது.

சிரிப்பு வந்தது, அரை விநாடிக்கு. பிறகு அந்த ‘ள்ளை’யின் சுழியைக் கண்டேன். இருபத்தாறு வருடமாகக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ‘பிள்ளைக்குப் பால்’, ‘வெள்ளைப்பூண்டு’ என்று நான் வாசித்துவரும் சுழி. அதற்குக் கீழே தொலைபேசி இலக்கம். வசந்தியின் இலக்கம்.

மண்டபத்தைப் பார்த்தேன். வசந்தி மூன்றாவது மேசையில் இருந்து, தன் தட்டில் இருந்த றோல்ஸை வாழ்க்கையில் முதல்முறை காண்பது போலக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆர் ஆர்?” என்று முன்வரிசை.

“பிள்ளையார்” என்றேன் மைக்கில். ஒரே கைதட்டல்.

தலைவர் ஓடி வந்தார். “நம்பர் இருக்கோ? இருந்தால் அடி மச்சான்! மண்டபத்துக்குள்ளை மணி கேட்கும், பகிடியாயிருக்கும்!”

மணி எங்கே கேட்கும் என்று எனக்குத் தெரியும். விதியைப் போட்டது நான். விதியை உடைத்தது என் வீட்டுக்காரி. சட்டத்திலிருந்து தப்ப என்று நடத்தும் இந்த இழுப்பிலேயே செயலாளரின் வீட்டுக்குப் பவுண் விழுந்தால், ரொறன்ரோ முழுக்க அதைத்தான் கதைக்கும். யாராவது எங்கேயாவது ஒரு முறைப்பாடு எழுதினால் போதும்; பொலிஸ் என்னுடைய பெயரை இன்னும் தேடி முடிக்கவில்லை.

பெருவிரலால் இலக்கத்தை மூடினேன். “நம்பர் விளங்கேல்லை” என்றேன்.

அன்ரனி அண்ணை கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். என்னுடைய பெருவிரலைத் தன் சுட்டுவிரலால் மெல்ல நகர்த்தினார். இலக்கத்தை வாசித்தார். தலையைத் தூக்கி மூன்றாவது மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாற்பெட்டி எழுத்தையும் விடாத மனிதர்.

“ஓம்” என்றார் மைக்கில். “விளங்கேல்லைத்தான். ஆளும் மண்டபத்திலை இல்லை. அடுத்ததை இழு.”

அடுத்தது கணக்கு ரியூசன் மாஸ்டருக்கு விழுந்தது. அந்த மண்டபத்தில் இருந்த பிள்ளைகளில் பாதிக்கு அவர்தான் கணக்கு வாத்தியார். தரணி கேள்வியை வெண்பலகையில் எழுதினாள்: 6 × 8 − 12 ÷ 4 + 5. மாஸ்டர் பதில் சொல்ல முன்பே மண்டபம் முழுக்கப் “பதினாலு! பதினாலு!” என்று கத்தியது. தலைவர் கையை உயர்த்திப் பதினாலு என்று அறிவிக்கவும் ஆயத்தமாகிவிட்டார்.

மாஸ்டர் முகம் சிவந்து எழும்பினார். “ஐம்பது.”

“பதினாலு மாஸ்டர்!”

“இடமிருந்து வலமாக் கூட்டிக்கொண்டு போக இதென்ன கடைச் சிட்டையோ? முதல் பெருக்கல், வகுத்தல். பிறகுதான் மற்றது. நாப்பத்தெட்டு, கழி மூண்டு, கூட்டு ஐஞ்சு. ஐம்பது!”

பத்து நிமிசம் அமளி. தரணி மைக்கை வாங்கி, விடைத்தாளைக் காட்டி, “மாஸ்டர் இஸ் றைற், ஐம்பதுதான்” என்றாள். நானும் செயலாளர் முறையில் “சரியான விடை ஐம்பது” என்று அறிவித்தேன். அந்த அறிவிப்பு எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

8

காரில் தரணி பின்சீற்றில் காதில் பாட்டோடு. கெனடி வீதியில் காரைத் திருப்பினேன். பிறகு கேட்டேன்.

“வசந்தி, வீட்டுக்காரர் போடக் கூடாதெண்டு சொன்னனானோ இல்லையோ?”

“நான் போடேல்லை. பிள்ளையாருக்குப் போட்டது.”

“நம்பர் உன்ரை.”

“பிள்ளையாரிட்டைப் போன் இல்லை.”

“ஒரு பவுணுக்கு ஆசைப்பட்டு...”

“ஆர் ஆசைப்பட்டது?” குரல் உடைந்தது. “நீங்கள் ஒரு மாசமா ஒழுங்காச் சாப்பிடேல்லை. தபால்பெட்டியடியிலை போய்ப் போய் நிக்கிறியள். பொலிஸ் கடிதத்தை நல்லபடியா வரப்பண்ணு, இந்தச் சீட்டு விழுந்தால் பவுண் உனக்குத்தான் எண்டு நேர்த்தி வைச்சுத்தான் அவற்ர பேரை எழுதினனான். அவர் விழுத்திக் காட்டினார். நீங்கள் எல்லாற்றை முன்னாலையும் மைக்கிலை அவரை இல்லையெண்டு சொல்லிப்போட்டியள்.”

சிவப்பு விளக்கு. நான் நிறுத்தினேன். பச்சை வந்தும் நின்றேன். பின்னால் கோர்ன் அடித்தார்கள்.

கனடாச் சட்டத்திலிருந்து தப்புவதற்காக, என்னுடைய கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் ஆளையே நான் மேடையில் நிராகரித்திருக்கிறேன். சட்டப்படி நான் செய்தது சரி. அந்தச் சரி என் வயிற்றுக்கு விளங்கவில்லை.

“இப்ப என்ன செய்யிறது?”

“தேங்காய் உடையுங்கோ.”

“எத்தினை?”

அவள் யோசித்தாள். “அந்தக் கணக்குக்கு எத்தினை வந்துதோ, அத்தினை. அவருக்கு விழுந்த சீட்டு, அவரிட்டைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.”

“பதினாலு” என்றேன் உடனே.

“ஐம்பது” என்று பின்சீற்றிலிருந்து குரல் வந்தது. பாட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தது என்னுடைய பிழை. “அப்பா, நீங்கள்தானே மைக்கிலை அனவுன்ஸ் பண்ணினது.”

கடையில் தேங்காய் என்ன விலை விற்கிறது என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்; சொன்னால் மரத்தில் ஏறி நின்று அழுவீர்கள். அடுத்த வெள்ளி கோவிலில், உடைக்கும் தொட்டிக்கு மேலே ஒரு அறிவிப்புப் பலகை: ‘ஐம்பதுக்கு மேல் தேங்காய் உடைப்போர் அலுவலகத்தில் அனுமதி பெறவும்.’ நான் பலகையை இரண்டுதரம் வாசித்தேன். ஐம்பது என்றால் மேலா, மேல் இல்லையா? போய்க் கேட்டேன். “ஐம்பதெண்டால் பிரச்சனை இல்லை” என்றார்கள். வாழ்க்கையில் முதல்தடவை முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்கிறேன். நாற்பத்தொன்பது உடைந்தது. ஒன்று கை வழுக்கி உருண்டு, கார் நிறுத்தும் இடத்தில் யாருடைய காருக்கோ கீழே போய் நின்றது. படுத்து எடுத்துக்கொண்டு வந்து உடைத்தேன். தோள்மூட்டு இன்னும் நோகிறது.

அன்ரனி அண்ணை அன்றிரவு அழைத்தார். “தம்பி, பிள்ளையாருக்கு நாலு ஒண்டு ஆறிலை தொடங்கிற ரொறன்ரோ நம்பர் இருக்கெண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது” என்றார். வைத்துவிட்டார்.

நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது. பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. தபால்பெட்டியடியிலேயே நின்று மூன்றுதரம் வாசித்தேன். கட்டடத்தின் லிஃப்ற் மூன்றுமுறை வந்து போனது.

ஏன் ஒன்றும் இல்லை என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. யாரும் முறைப்பாடு செய்யவில்லை, செய்யாவிட்டால் பதிவில் என்ன வரும் என்கிறாள் தரணி. காசைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதால் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். வசந்தி விவாதிக்கவில்லை. கடிதத்தைச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கைப்பேசியில் கலண்டரைத் திறந்தாள்.

“உந்தக் கடிதம் ஒவ்வொரு வருசமும் எடுக்க வேணுமெல்லே?”

“ஓம், ஒவ்வொரு வருசமும்.”

“அப்ப அடுத்த வருசத்துக்கும் ஐம்பது எண்டு குறிச்சு வைக்கிறன்” என்றாள். “லைசென்ஸ் எண்டால் புதுப்பிக்கத்தானே வேணும்.”